அத்தானின் கடைசி விருப்பங்கள்: முதலில் கோப்பி

“எங்க சாகணும்னு ஆசைப்படுறீங்க, அங்கிள்?”

இப்படி ஒரு கேள்வியை, ஒரு பெண் சிரித்த முகத்தோடு, கையில் பேனாவோடு, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கேட்டு நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். கிள்ளானில், என் அக்கா வீட்டு ஹாலில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்.

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்த வாசகர்களுக்கு அந்தக் கேள்விதான் பதில்.

கேட்டவர் நர்ஸ் லூர்து; எங்கள் ஊரில் நர்ஸ் என்றாலே ‘மிஸ்ஸி’தான். கேட்கப்பட்டவர் என் அக்கா சரோஜாவின் கணவர் மாணிக்கம் அத்தான். அத்தானுக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டு, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஓர் அமைப்பிலிருந்து லூர்து வர ஆரம்பித்தார்.

அத்தான் மோவாயைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

“சுவிட்சர்லாந்துல முடியுமா, மிஸ்ஸி?”

“அங்க நம்ம கம்ப்யூட்டர் லைன் போகாது, அங்கிள். கிள்ளானுக்குள்ள சொல்லுங்க.”

கம்ப்யூட்டரா? சாவதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

சொல்கிறேன். அதற்கு முன் அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மனிதர்களை உயரத்திலிருந்துதான் பார்த்தார். மேலே உட்கார்ந்து ஹாரன் அடித்தால் கீழே எல்லாரும் விலகி ஓடுவார்கள். ஆனால் அதே மனிதர் தரைக்கு இறங்கி யார் முகத்தையாவது நேராகப் பார்த்துவிட்டால் போயிற்று. எதிரில் இருப்பவர் எதைக் கேட்க ஆசைப்படுகிறாரோ, அதை அப்படியே சொல்லிவிடுவார். யார் மனதும் நோகக்கூடாது. இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகளுக்கும் பாத்திரம் விற்க வருகிறவர்களுக்கும் அவரைப்போல ஒரு நல்ல மனிதர் கிள்ளானில் கிடையாது.

நோய் வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர் டாக்டர் லிம். சின்னப் பெண். பாவம், களைத்துப்போய் இருப்பார். “வலி இருக்கா, அங்கிள்?” என்று கேட்பார். அவரைச் சங்கடப்படுத்தலாமா? “வலியா, இல்லவே இல்ல டாக்டர்” என்பார் அத்தான். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் டாக்டர் பழைய சினேகிதர். அவரிடம் போய், “உயிர் போற மாதிரி வலிக்குது லா” என்பார். லூர்துவிடம் மலச்சிக்கலைப் பற்றி மட்டும் பேசுவார். என்னிடம் கால்பந்து பற்றிப் பேசுவார்.

அக்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைவாள். அதில் எக்ஸ்ரே கவர்கள், மாத்திரை டப்பாக்கள், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை... அக்கா ஒரு கதை சொல்வாள். அத்தான் குறுக்கே புகுந்து வேறொரு கதை சொல்வார். டாக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றை எழுதிக்கொள்வார்.

இதன் பலன்? ஒரே வலி மருந்து, இரண்டு வேறு பெயர்களில், இரண்டு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. அத்தான் இரண்டையும் பக்தியோடு விழுங்கினார். உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு அந்த நிலையிலேயே போனார். அந்த வீடியோவைப் பார்த்தால் தெரியும் — மாப்பிள்ளை தாலி கட்டுகிறார், எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், முதல் வரிசையில் அத்தான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்.

நாங்கள் சிரித்தோம். லூர்து சிரிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் கூடப் போயிருந்தா மூச்சே நின்னுருக்கும், ஆன்டி” என்றார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. லூர்துவின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடி. அங்கே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டெலிபோன் லைனோடு இணைத்திருந்தார்கள். அதில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால், ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரும், கிளினிக் டாக்டரும் தங்கள் தங்கள் திரையில் அதையே பார்க்கலாம். அவர்கள் எழுதுவதை லூர்துவும் பார்க்கலாம். எல்லாருக்கும் ஒரே கதை. சோதனை முயற்சிதான். ஆனாலும் நான் ஆர்வத்தோடு பார்க்கப் போனேன். லைன் கிடைக்கும்போது அந்த இயந்திரம் போட்ட சத்தம் இருக்கிறதே, கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது போல... கீழே துணிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேலே நிமிர்ந்து பார்த்தார்களாம்.

அடுத்த முறை லூர்து கிள்ளானுக்கு வந்தபோது முதல் வேலையாக அத்தானைப் பிடித்துக்கொண்டார்.

“அங்கிள், நேத்து ஆஸ்பத்திரியில வலியே இல்லைன்னு சொன்னீங்களாமே?”

அத்தான் விழித்தார். “ஒனக்கு யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுக்கு மொத நாள் கிளினிக்ல உயிர் போகுதுன்னு சொல்லியிருக்கீங்க. அதுவும் இருக்கு.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “பாத்தியா மச்சினி, கோள் சொல்றதுக்குன்னே ஒரு மெஷின் வாங்கியிருக்கானுங்க.”

ஆனால் மருந்து சரியாயிற்று. இரண்டு பெயர்களில் ஒன்று நின்றது. அளவு ஒழுங்குக்கு வந்தது. அத்தான் கண்ணைத் திறந்துகொண்டு கல்யாணங்களுக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. ஏனென்றால் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது — ‘நோயாளியின் விருப்பங்கள்’. அவசரம் என்று ஓடும்போது எந்த டாக்டரும் அதைப் படித்துவிட்டு அதன்படி செய்யலாம். நல்ல விஷயம்தான். அத்தானிடம் கேட்காத வரைக்கும்.

அன்றைக்கு அக்கா பக்கத்தில் இருந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அத்தான் அவளைப் பார்த்தார். “வீட்டுலதான், மிஸ்ஸி” என்றார். லூர்து எழுதிக்கொண்டு போனார்.

வார இறுதியில் குணா வந்தான். அவர்களுடைய ஒரே மகன். சுபாங் ஜெயாவில் குடியிருக்கிறான். கிள்ளானுக்குப் பக்கத்தில், மேருவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அப்பாவை எப்படியாவது இழுத்துப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. விஷயம் தெரிந்ததும் குதித்தான்.

“வீட்டுலயா? என்னாப்பா பேசுறீங்க? மூச்சு நின்னா நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரியில எல்லா மெஷினும் இருக்கு. குழாய் போட்டாவது பாக்கணும் லா.”

அத்தான் மகனைப் பார்த்தார். மகனின் கண் கலங்கியிருந்தது.

“சரிப்பா. ஆஸ்பத்திரி.”

திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் ஆஸ்பத்திரி ஏறியது. செவ்வாய்க்கிழமை அக்கா அழுதாள். வீடு ஏறியது. அடுத்த வாரம் குணா வந்தான். ஆஸ்பத்திரி. இடையில் நான் ஒருநாள் போயிருந்தேன். “ஒனக்கு எது வசதி?” என்று என்னைக் கேட்டார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் நேராக எங்கே வருகிறது என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் லிம்மே போன் பண்ணிக் கேட்டாராம், இந்த அங்கிள் ஒருவர்தானா, இல்லை ஒரே பெயரில் இரண்டு பேரா என்று.

“மிஸ்ஸி, நான் ஒன்னு சொல்லட்டா?” என்றார் அத்தான் ஒருநாள். “ரெண்டாயிரமாவது வருஷம் பொறந்தா எல்லாக் கம்ப்யூட்டரும் செத்துரும்னு பேப்பர்ல போடுறான். அதுகிட்ட மட்டும் ஏன் யாரும் கேக்கல, நீ எங்க சாகணும்னு ஆசைப்படுறேன்னு?”

லூர்து பேனாவை மூடி வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் இருந்தோம்.

“கொஞ்சம் வெளிய இருங்க. அங்கிளும் நானும் மட்டும் பேசணும்.”

“நானுமா?” என்றாள் அக்கா.

“நீங்கதான் முக்கியமா, ஆன்டி.”

நாங்கள் மூன்று பேரும் வாசலில் போய் நின்றோம். முன்னால் இருந்த ரம்புத்தான் மரத்தை இதற்கு முன் பார்த்தே இராதவர்கள் போல உற்றுப் பார்த்தோம். ஜன்னல் திறந்துதான் இருந்தது. அதன் பக்கமாக அக்கா சும்மா ஓர் அடி நகர்ந்தாள். குணாவும் நகர்ந்தான். நான் எழுத்தாளர். எனக்குக் கொஞ்சம் கௌரவம் இருக்கிறது. கடைசியாகத்தான் நகர்ந்தேன்.

உள்ளே முதலில் சிரிப்பு. பிறகு லூர்துவின் குரல்.

“ஆன்டி இருந்தா வீடுங்கிறீங்க. குணா வந்தா ஆஸ்பத்திரிங்கிறீங்க. இப்ப யாரும் இல்ல. நானும் கேட்டுட்டுப் போற ஆளுதான். உங்களுக்கு என்ன வேணும்?”

பிறகு அத்தான் பேசினார். அவருடைய வேடிக்கைப் பேச்சைக் கேட்டுப் பழகிய என் காதுக்கு அந்தக் குரல் புதிது.

“சாவுக்கு நான் பயப்படல மிஸ்ஸி. என் தலைமாட்டுல நின்னு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்களேன்னுதான் பயமா இருக்கு. அவன் அவளைக் கோவிப்பான், நீதான் கொன்னேன்னு. அவ அவனைக் கோவிப்பா. நான் போயிடுவேன். அவங்க இருக்கணுமே.”

வாசலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“இதை அவங்ககிட்டயே சொல்லிடுங்க அங்கிள். எப்படியும் ஜன்னல்கிட்டதான் நிக்கிறாங்க.”

உள்ளே போனோம். அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லாக் கேட்டுக்குங்க. நான் வீட்டுலதான் போவேன். ஆனா மூச்சு முட்டுச்சுன்னா, வலி தாங்கலன்னா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவங்க சரி பண்ணட்டும். குழாய் வேணாம், நெஞ்சை அமுக்க வேணாம். சரி பண்ணதும் திரும்ப வீட்டுக்கு வந்துருவோம்.” பிறகு மகனைப் பார்த்தார். “கொண்டு போறதும் நீதான், திரும்பக் கூட்டியாறதும் நீதான். வேற எவன் ஓட்டுனாலும் நான் ஏற மாட்டேன்.”

குணா தலையை ஆட்டினான். ஆட்டினானா, குனிந்தானா என்று கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது.

“எழுதிக்குங்க மிஸ்ஸி” என்றார் அத்தான். “மொதல்ல கோப்பி.”

“கோப்பியா?”

“ஆமா. கோப்பி ஓ, பால் இல்லாம, சீனி போட்டு. சர்க்கரை வியாதி அது இதுன்னு எந்த டாக்டரும் தடுக்கக்கூடாது. அது மொதல்ல வரணும். அப்புறம் பெரியசாமி. என் பங்காளி. நான் படுத்திருக்கும்போது வந்து தேவாரம் பாடக்கூடாது. அவன் பாடுனா நல்லா இருக்கறவனுக்கே மூச்சு முட்டும். அதுக்கு அப்புறம் மத்ததெல்லாம்.”

லூர்து நேர்மையான பெண். நோயாளி சொன்னபடி, சொன்ன வரிசையில் எழுதினார். அன்று சாயங்காலமே பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினார். அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. கட்டத்துக்குள் இத்தனை எழுத்துதான் என்று ஒரு கணக்கு. மிஞ்சினால் மிச்சத்தை விழுங்கிவிடும், விழுங்கினேன் என்றும் சொல்லாது. அது அப்போது எங்களுக்கும் தெரியாது, லூர்துவுக்கும் தெரியாது.

சில வாரங்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு வியாழக்கிழமை காலை அக்கா எனக்குப் போன் பண்ணினாள். “மூச்சு விடவே முடியலடி.” நான் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் லூர்து போனில் சொல்லிவிட்டிருந்தார் — ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள், நான் அங்கே தகவல் சொல்லிவிடுகிறேன் என்று.

குணா வந்தான். எதில்? லோரியில். அவனுடைய கார் ஒர்க்‌ஷாப்பில். தொழிற்சாலை வாசலில் புறப்படத் தயாராக நின்ற லோரியை, டிரைவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு எடுத்து வந்துவிட்டான். பின்னால் சிவப்பு, நீலம், பச்சை என்று வாளிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த கோபுரங்கள்.

“இதுலயாடா அப்பாவை ஏத்துறது?” என்று அக்கா அழுதாள்.

அத்தான் பேச முடியாமல் கையைக் காட்டினார். ஏற்று என்று. குணா அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தான். அக்கா ஒரு பக்கம் முட்டுக் கொடுத்தாள். நான் டாக்சியில் பின்னால் போனேன். என் டாக்சிக்கு முன்னால் அந்த வாளிக் கோபுரங்கள் ஆடிக்கொண்டே போயின. ஒவ்வொரு சிக்னலிலும் வாளிகள் விழாமல் இருக்கின்றனவா என்று எட்டிப் பார்த்தேன். ஆனால் அக்கா பிறகு சொன்னாள்: உயரமான சீட்டில் உட்கார்ந்ததும் அத்தான் முகம் கொஞ்சம் தெளிந்துவிட்டதாம். முன்னால் நின்ற ஒரு காரைப் பார்த்து ஹாரனைக் காட்டினாராம். குணா அடித்தானாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லிம் இருந்தார். நான் அக்காவின் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எப்போது ஆரம்பித்தது, என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது — ஒரு கேள்வியும் இல்லை. டாக்டர் திரையைப் பார்த்தார், நர்ஸிடம் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னார். ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சில் தண்ணீர் சேர்ந்திருந்ததாம். ஊசி போட்டு எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் அத்தான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் யாருக்கும் கதை சொல்லாமலே ஒரு காரியம் நடந்து முடிந்திருக்கிறது. நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்?

ஆனால் இனிமேல் என்ன? டாக்டர் லிம் எங்களைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். மிகவும் அக்கறையாக, சத்தமாகப் படித்தார்.

“கோப்பி ஓ, சீனியோடு. டாக்டர்கள் தடுக்கக்கூடாது... சரி. பெரியசாமி வந்து பாடக்கூடாது.” நிமிர்ந்தார். “பெரியசாமி யார்? எங்கள் ஸ்டாஃபா?”

“இல்ல டாக்டர். சொந்தக்காரர்” என்றேன்.

“ஓகே.” மறுபடியும் திரையைப் பார்த்தார். “வீட்டில் இறக்க விருப்பம். குழாய் வேண்டாம். நெஞ்சை அழுத்த வேண்டாம். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், சரி செய்யவும், தென்...”

ஆங்கிலத்தில் ‘பிறகு’ என்று சொல்லி நிறுத்தினார். விசையைத் தட்டிப் பார்த்தார். மேலே போனார், கீழே போனார்.

“இவ்வளவுதான் இருக்கு. ‘தென்’ என்று நிற்கிறது. தென் வாட், ஆன்டி? இங்கேயே வார்டில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?”

பாருங்கள் கொடுமையை. பெரியசாமிக்கு இடம் இருந்திருக்கிறது. கோப்பிக்கு இடம் இருந்திருக்கிறது. சீனிக்கும் இருந்திருக்கிறது.

அக்கா வாயைத் திறந்தாள். எனக்கும் பதில் தெரியும். ஆனால் அக்கா என்ன நினைத்தாளோ, திறந்த வாயை மூடிக்கொண்டு மகனைப் பார்த்தாள். நானும் அவனைத்தான் பார்த்தேன்.

குணா கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே சுவர் ஓரமாக மெஷின்கள் எல்லாம் வரிசையாக நின்றன. அவன் ஆசைப்பட்டதெல்லாம் அங்கே இருந்தது. சட்டையில் லோரி அழுக்கு. கையில் தொழிற்சாலையின் சாவிக்கொத்து. அதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

டாக்டர் லிம் அவசரப்படுத்தவில்லை. அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

“தென்...” என்றான் குணா. “தென், பாவா பாலிக் ருமா, டாக்டர். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறோம். நான்தான் கூட்டிட்டுப் போகணும். அப்பா சொல்லியிருக்காரு.”

டாக்டர் அதை வேறொரு கட்டத்தில் தட்டினார். ஒருநாள் வைத்திருந்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். இந்த முறை கார். அத்தானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அன்று முதல் குணா தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டான். லூர்து தினமும் வந்தார். மருந்து மாறும்போதெல்லாம் எல்லாத் திரைகளிலும் ஒன்றாக மாறியது. அக்காவும் குணாவும் சண்டை போட்டார்கள். போடாமல் என்ன? மின்விசிறி வேகத்துக்கு, கஞ்சியில் உப்புக்கு. தலைமாட்டில் போட்ட சண்டைகள் அவ்வளவுதான். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னிடம், “இந்தச் சண்டை பரவால்ல” என்றார்.

நாம் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிறோம், சமையல்காரரைப் பேசுகிறோம், வாழையிலை எத்தனை கட்டு என்று கூட முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். இதை மட்டும் வாய் திறந்து பேசினால் அபசகுனம் என்கிறோம். கம்ப்யூட்டர் நல்ல வேலைக்காரன்தான். சொன்னதைக் கிள்ளானிலிருந்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் அதற்கு முன் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்ய இன்னும் மெஷின் வரவில்லை.

ஒரு காலை நேரம். அக்கா பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். குணா அப்பாவுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பழக்கமில்லாத வேலை. தன் முகத்தை மழிப்பது வேறு, அடுத்தவர் கன்னத்தில் பிளேடு வைப்பது வேறு. வலது பக்கம் முடித்து, நுரையைத் துடைத்து, இடது பக்கம் ஆரம்பித்தான். பாதியில், மூச்சு வந்து, அடுத்த மூச்சு வரவில்லை. அவ்வளவு அமைதியாக.

குணா மீதிப் பக்கத்தையும் நிதானமாக மழித்து முடித்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறான்.

வந்தவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். முகம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, தூங்குகிற மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது...

அதுவரை அழாமல் நின்றிருந்த குணா என் காதருகே குனிந்தான்.

“எடது பக்கம் கொஞ்சம் சரியா வரல, சின்னம்மா.”